கவுண்டரைப் பூட்டிய பிறகு வருகிறவர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பிழைப்புக்காக ஊர்விட்டு வந்த தொழிலாளர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருவதில்லை, அவர்களுக்கு விழிப்புணர்வு போதாது என்று உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இருபத்திரண்டு வருடம் அப்படி ஒரு நிலையத்தில் மருந்து கொடுத்தவன் நான். அவர்கள் வராமல் இல்லை சார், நாங்கள் கதவைச் சாத்திய பிறகு வந்தார்கள்.

ஒருவரைச் சொல்கிறேன். கட்டட வேலை பார்ப்பவர், நாற்பது வயது இருக்கும், விரல் இடுக்கில் சிமெண்ட் காய்ந்து ஒட்டியிருந்தது. நான் கவுண்டரைப் பூட்டிக்கொண்டிருந்தபோது சட்டைப் பையிலிருந்து ஒரு காலி மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினார். கடையில் ஐந்தாறு மாத்திரை மட்டும் கத்தரித்து வாங்கியது, பெயர் அச்சடித்த பாதி கடைக்காரரிடமே தங்கிவிட்டது. எனக்குத் தெரிந்தது 'பின்' என்ற கடைசி எழுத்துகளும் 5 மி.கி. என்ற அளவும்தான். அம்லோடிபின்னாக இருக்கும், பிபி மாத்திரை, ஆனால் ஊகத்தில் மருந்து கொடுக்க முடியுமா? நர்ஸ் அம்மா பிபி பார்த்தார், மேல் அளவு 180-ஐத் தாண்டியிருந்தது. மாத்திரை நின்று எத்தனை நாள் என்று சைகையில் கேட்டதற்கு இரண்டு கையையும் விரித்துக் காட்டி, இன்னொரு தடவையும் விரித்தார். டாக்டர் கிளம்பிவிட்டார், காலையில் வாருங்கள் என்று கைக்கடிகாரத்தைத் தொட்டுக் காட்டினேன். சிரித்தார். காலையில் வந்தால் அன்றைய கூலி போச்சு, மேஸ்திரி மறுநாள் வேறு ஆளை எடுத்துக்கொள்வார் என்பது அந்தச் சிரிப்பில் இருந்தது. அவர் வரவேயில்லை.

1978-ல் உலக நாடுகள் அல்மா அட்டாவில் (இன்றைய கஜகஸ்தானில் உள்ள நகரம்) கூடி வெளியிட்ட பிரகடனம், ஆரம்ப சுகாதாரம் என்பது மக்கள் வாழும் இடத்துக்கும் வேலை செய்யும் இடத்துக்கும் முடிந்தவரை பக்கத்தில் இருக்க வேண்டும் என்கிறது. வாழும் இடத்தை மட்டும் பிடித்துக்கொண்டோம், அதுவும் முகவரி உள்ளவர்கள் வாழும் இடம். ஆறு மாதத்துக்கு ஒரு வேலைத்தளம் என்று மாறுகிறவருக்கு எந்த நிலையம் 'அவருடைய' நிலையம்? காசநோய் என்றால் சாதாரணமாகவே ஆறு மாதம் விடாமல் மருந்து சாப்பிட வேண்டும், நடுவில் நின்றால் அந்த மருந்துக்கே கிருமி அடங்காமல் போகும் அபாயம் உண்டு. இந்த ஆறு மாதமும் அந்த ஆறு மாதமும் ஒத்துப்போவது அபூர்வம்.

சட்டத்தின் போக்கும் விசித்திரம்தான். புலம்பெயர் தொழிலாளர்கள் பற்றிய 1990-ஆம் வருட ஐ.நா. உடன்படிக்கை, உரிய காகிதம் இல்லாதவருக்கும் அவசர சிகிச்சையை மறுக்கக் கூடாது என்கிறது. நல்லது. ஆனால் அந்த உறுதி அவசரத்தோடு நின்றுவிடுகிறது. பக்கவாதம் வந்து விழுந்தால் கட்டில் உண்டு, பக்கவாதம் வராமல் தடுக்கும் மாத்திரைக்கு உத்தரவாதம் இல்லை.

செய்ய முடியாத காரியமா என்றால், அதுவும் இல்லை. அமெரிக்கா 1962-லேயே, பயிருக்குப் பின்னால் ஊர் ஊராகப் போகும் பண்ணைத் தொழிலாளர் குடும்பங்களுக்கு கிளினிக் நடத்தப் பணம் ஒதுக்கித் தனிச் சட்டம் போட்டது. தாய்லாந்தில் தொழிலாளர்களிலிருந்தே ஆட்களை எடுத்து சுகாதாரத் தொண்டர்களாகப் பழக்குகிறார்கள். சிங்கப்பூரில் 2020-ல் கொரோனா வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதிகளைப் பிடித்து ஆட்டிய பிறகு, 2022-லிருந்து முதலாளிகள் அப்படி விடுதியில் தங்கும் தொழிலாளிக்கு ஆரம்ப சிகிச்சைத் திட்டம் வாங்கித் தருவது கட்டாயமாகியிருக்கிறது. அடி வாங்கிய பிறகுதான் கண் திறந்தது, சரி, திறந்ததே!

நான் கேட்பது இதைவிடச் சின்னது. வாரத்தில் இரண்டு நாளாவது, வேலை முடிந்த பிறகு, இரவு ஒன்பது மணி வரை டாக்டரும் மருந்தும் இருக்க வேண்டும், முடிந்தால் அவர்கள் தங்கும் கொட்டகைக்குப் பக்கத்திலேயே. சர்க்கரை, பிபி, காசநோய்க்காரர்களுக்கு ஒரே தடவையில் ஒரு மாத மாத்திரை கொடுக்க வேண்டும். மருந்தின் பெயரையும் அளவையும் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி, அதை அவர் போனிலேயே படம் எடுத்துக் கொடுத்து அனுப்ப வேண்டும். தாள் மழையில் நனையும், தொலையும், போனை யாரும் தொலைப்பதில்லை.

அப்புறம் மொழி. இதில் எனக்குக் கோபமே உண்டு. மேஸ்திரியை மொழிபெயர்க்க வைப்பது வசதி என்று நாங்களும் பழகிவிட்டோம். ஒருமுறை ஒரு பெண் தலைவலி, தலைவலி என்றே சொல்லிக்கொண்டிருந்தார். மேஸ்திரி போன் பேச வெளியே போனதும் அடிவயிற்றைத் தொட்டுக் காட்டினார். மாதவிடாய் நிற்காமல் மூன்று வாரமாகப் போய்க்கொண்டிருந்தது. சம்பளம் கொடுக்கிறவரை நடுவில் வைத்துக்கொண்டு யார் நோயைச் சொல்வார்கள்? போனில் பேசி மொழிபெயர்க்க ஒரு ஆள் போதும், பல நிலையங்களுக்குச் சேர்த்து ஒருவர் இருந்தாலே நடக்கும்.

அடுத்த முறை உங்கள் நிருபர் இது பற்றி எழுதப் போகும்போது, விழிப்புணர்வு பற்றிக் கேட்பதற்கு முன்னால், நிலையத்து வாசல் பலகையில் என்ன நேரம் எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவர்