உள்ளறைக் கதவுக்கு வண்ணம் கேட்டு வருவோருக்கு ஒரு மடல்

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

பொங்கலுக்கு முந்தைய வாரங்களில் எங்கள் கடைக்கு வருவோரில் பலர், சுவர்களை இந்த ஆண்டு அப்படியே விட்டுவிட்டு, அறைக் கதவுகளுக்கு மட்டும் புது நிறம் அடிக்கலாம் என்ற எண்ணத்துடன் வருகிறீர்கள். அது நல்ல எண்ணம் என்றே கருதுகிறோம். செவ்வாய்ப்பேட்டை, குகை போன்ற பழைய பகுதிகளில் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்பதால், நடு அறைக்கு வெளிச்சம் முன்வாசல் வழியாகவோ பின்கட்டு வழியாகவோதான் வந்து சேர வேண்டியிருக்கிறது. அத்தகைய அறையில், பல ஆண்டுகளாக மங்கிப்போன அடர்பழுப்புக் கதவு இளமஞ்சளுக்கோ வெளிர்நீலத்துக்கோ மாறினால், அறையே அகலமானதுபோல் தெரியும்.

ஆனால் நீங்கள் நிறத்தின் பெயரைச் சொன்னவுடன் டப்பாவை எடுத்துக் கொடுக்காமல், கதவு எந்த மரம், அதன்மேல் இப்போது என்ன பூசியிருக்கிறது, எந்த அறைக் கதவு என்று நாங்கள் கேட்பது சிலருக்கு வருத்தம் தருவதாக அறிகிறோம். பிரைமர் என்னும் அடிப்பூச்சையும், தேய்க்கும் உப்புத்தாளையும் சேர்த்து விற்பதற்காகக் கேட்கிறோம் என்று எண்ண வேண்டாம். கதவில் பெயின்ட் உரிவதற்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பது மேலே பூசிய பெயின்ட் அன்று, அதற்கு அடியில் இருக்கும் பரப்பே என்பதால்தான் கேட்கிறோம்.

ஏற்கெனவே பெயின்ட் அடித்த கதவு என்றால், அது ஆயில் இனாமலா, தண்ணீர் கலந்து அடிக்கும் வகையா என்பதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஒரு பஞ்சைக் கைச் சானிடைசரில் நனைத்து, கதவின் மறைவான மூலையில் சற்று அழுத்தித் தேயுங்கள். நிறம் இளகிப் பஞ்சில் ஒட்டினால் தண்ணீர் வகை. ஒட்டாவிட்டால் பெரும்பாலும் ஆயில் இனாமல். பளபளப்பான ஆயில் இனாமலைத் தேய்க்காமல் அதன்மேல் நேராகத் தண்ணீர் வகையை அடித்தால், நகத்தால் கீறினாலே தோலாக உரிந்து வரும். நிறமில்லாத பாலிஷ் போட்ட கதவுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. மைக்கா என்னும் வழவழப்பான தகடு ஒட்டிய கதவாக இருந்தால், வாங்கும் முன்பே கட்டாயம் சொல்லுங்கள். சாதாரண மரப் பிரைமர் அதில் பிடிக்காது.

பழைய வீட்டுக் கதவுகளைப் பற்றி ஒன்றைச் சற்று அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறோம். வீட்டுக்கு அடிக்கும் பெயின்ட்டில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2016-இல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடிக்கப்பட்ட இனாமலில், குறிப்பாக அடர்ந்த மஞ்சள், சிவப்பு, பச்சை நிறங்களில், ஈயம் கூடுதலாக இருக்க வாய்ப்புண்டு. அதை உலர்ந்த நிலையில் சுரண்டும்போது எழும் தூசி, தரையில் தவழ்ந்து கையை வாயில் வைக்கும் குழந்தைகளுக்குப் பெருங்கேடு விளைவிக்கும். ஆகவே பழைய பூச்சைத் தண்ணீர் தொட்டு, ஈரத்தில் தேய்ப்பதற்கான உப்புத்தாளாகிய வாட்டர் பேப்பரால் தேயுங்கள். தேய்ப்பவர் முகக்கவசம் அணியட்டும். குழந்தைகளும் கருவுற்ற பெண்களும் அன்று வேறிடத்தில் இருக்கட்டும். சேறாகப் படிவதை ஈரத் துணியால் துடைத்தெடுங்கள், விளக்குமாறால் பெருக்க வேண்டாம்.

சமையலறைக் கதவிலும் பூஜையறைக் கதவிலும் எண்ணெய்ப் பிசுக்கு கண்ணுக்குத் தெரியாமல் படிந்திருக்கும். தேய்ப்பதற்கு முன்பே சோப்புத் தண்ணீரால் கழுவி நன்கு காயவிடுங்கள். கழுவாமல் தேய்த்தால், உப்புத்தாள் அந்தப் பிசுக்கைக் கதவு முழுவதும் பரப்பிவிடும். புது மரம் என்றால் முதலில் தேய்த்து, ஒரு கை, அதாவது ஒரு பூச்சு, பிரைமர் அடித்து, அதன் பிறகு பட்டி பார்த்து (பள்ளங்களைப் பட்டியால் நிரப்பி), மீண்டும் தேய்த்து, இன்னொரு கை பிரைமர் அடிப்பதே முறை. சுவருக்கு வாங்கிய சிமென்ட் பட்டி மீதமிருக்கிறது என்று அதைக் கதவில் இட வேண்டாம். மரம் ஈரத்துக்கு விரிந்து சுருங்கும்போது அது வெடித்து உதிர்ந்துவிடும். தேக்குக் கதவுக்கு வெள்ளையோ இளநிறமோ அடிப்பவர்கள் ஆயில் பிரைமரைக் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் மரத்தின் சாயம் மேலே ஊறிப் பழுப்புக் கறையாகத் தெரியும்.

வெள்ளை நிறம் கேட்போருக்கு எங்கள் தனிப்பட்ட பரிந்துரை தண்ணீர் வகை இனாமல்தான். ஆயில் இனாமல் கெட்டியான, வழவழப்பான பூச்சைத் தரும் என்பது உண்மையே. ஆயினும் வெளிச்சம் குறைந்த அறையில் அதன் வெள்ளை நாளடைவில் மஞ்சளடிக்கும். அடர்ந்த நிறங்களில் இந்தக் குறை அவ்வளவாகத் தெரியாது. முழுப் பளபளப்பு கேட்பவர்கள், கதவின் ஒவ்வொரு பள்ளத்தையும் மேட்டையும் அது எடுத்துக்காட்டும் என்பதை நினைவில் கொள்ளுங்கள்; பழைய கதவுக்கு அரைப் பளபளப்பே பொருத்தம். நிறத்தை எங்கள் கடை விளக்கொளியில் முடிவு செய்யாமல், சிறிய டப்பா ஒன்றை வாங்கி அட்டையில் அடித்து, அதே அறையில் பகலிலும் இரவிலும் வைத்துப் பாருங்கள்.

ஏழடி உயரமும் மூன்றடி அகலமும் உள்ள கதவின் இரு பக்கத்துக்கும் இரண்டு கை அடிக்க ஒரு லிட்டர் போதும். கைப்பிடி, தாழ்ப்பாள் ஆகியவற்றைக் கழற்றிவிடுங்கள். கழற்ற முடியாத கீல்மீது ஒட்டுத்தாள் ஒட்டுங்கள். கட்டம் போட்ட கதவில் உள்கட்டங்களை முதலிலும், குறுக்குச் சட்டங்களை அடுத்தும், நெடுஞ்சட்டங்களை இறுதியிலும் அடிக்க வேண்டும். கதவின் அடிவிளிம்பையும் மேல்விளிம்பையும் பலர் விட்டுவிடுகிறார்கள். குளியலறைக் கதவு அடியில் ஊதிப் போவதற்கு, ஈரம் அந்த விளிம்பு வழியாக ஏறுவதே முக்கியக் காரணம். அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டிப் பக்கம் வீட்டிலேயே தறி ஓட்டுபவர்கள், தறியை நிறுத்திப் பஞ்சுத் தூசி அடங்கிய பிறகு அடியுங்கள். ஈரப் பெயின்ட்டில் ஒட்டிய பஞ்சைக் காய்ந்தபின் எடுக்கத் திரும்பத் தேய்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

ஆயில் இனாமல் இளகுவதற்கு மண்ணெண்ணெய் ஊற்றும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. மண்ணெண்ணெய் மெதுவாகவே ஆவியாகும். பூச்சு நாள்கணக்கில் பிசுபிசுத்து, பளபளப்பையும் இழக்கும். டப்பாவில் குறிப்பிட்டுள்ள டர்பன்டைனையோ தின்னரையோ மட்டுமே கலக்குங்கள்.

ஏற்காட்டு வாடிக்கையாளர்களுக்குத் தனியே ஒரு சொல். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், மார்கழிப் பனிமூட்டத்தில், சேலத்தில் ஓர் இரவில் காயும் இனாமல் அங்கே காயாது. வெயில் ஏறிக் கதவின் ஈரம் போனபின் தொடங்கி, பனி இறங்குவதற்கு வெகுமுன்பே முடித்துவிடுங்கள். காயாத பூச்சில் பனியீரம் படிந்தால் பளபளப்பு மங்கி வெளிறிவிடும். ஒரு கைக்கும் அடுத்த கைக்கும் இடையே ஒரு முழு நாளாவது விடுங்கள். தொட்டால் ஒட்டாத பூச்சும் உள்ளே இளகலாகவே இருக்கக்கூடும் என்பதால், முதல் சில நாள்கள் கதவை நிலையோடு அழுத்திச் சாத்த வேண்டாம்.

கடைக்கு வரும்போது கதவின் இரு பக்கத்தையும், அடிவிளிம்பையும் கைப்பேசியில் படமெடுத்து வாருங்கள். இயந்திரத்தில் கலந்து கொடுத்த நிறத்தைத் திரும்பப் பெற இயலாது என்பதால், நிறத்தை உறுதி செய்துகொண்ட பிறகே கலக்கச் சொல்லுங்கள். போகிக்குள் வேலை முடிய வேண்டுமென விரும்புவோர் மார்கழியின் முதல் பாதியிலேயே வந்துவிடுவது நல்லது.

இப்படிக்கு,
பெயின்ட் கடை நிர்வாகத்தினர்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.