கங்கை ஓங்கிலும் நம் வலைகளும்

ஆசிரியருக்கு,

2025 மார்ச்சில் வெளியான கணக்கெடுப்பின்படி இந்திய ஆறுகளில் உள்ள ஓங்கில்கள் (டால்பின்கள்) 6,327. அவற்றில் சிந்து இனம் வெறும் மூன்று! ஏறக்குறையப் பார்வையற்ற கங்கை ஓங்கில், தான் எழுப்பும் ஒலியின் எதிரொலியைக் கேட்டே இரை தேடுகிறது. மெல்லிய நைலான் செவுள் வலை அந்தக் காதுக்குத் தப்பிவிடுகிறது. சிக்கினால், மூச்சு வாங்க மேலே வர முடியாமல் மூழ்கிச் சாகிறது. போதாக்குறைக்குத் தடுப்பணைகள், கழிவுநீர். 2009இல் தேசிய நீர்வாழ் விலங்காக அறிவித்ததோடு கடமை முடிந்ததா?

குமரியில் கங்கை இல்லை; செவுள் வலை உண்டு, கடல் ஓங்கிலும் உண்டு. கிழிந்த வலையைக் கடலிலேயே தள்ளிவிடும் வழக்கம் நம்மவரிடமும் இருக்கிறது. எடைபோட்டுக் காசு தந்தால் யார் வீசுவார்? சின்னமுட்டம் முதல் தேங்காய்ப்பட்டணம் வரை எல்லா மீன்பிடித் துறைமுகங்களிலும் மீன்வளத்துறை அதற்கு ஏற்பாடு செய்ய வேண்டும்.

- வாசகர், குளச்சல்