பாதைக்கும் பத்திரம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்காவில் தனியார் நிலத்தின் வழியே போகும் நடைபாதைகள் பலவும் உரிமையாளரின் வாய்ச் சம்மதத்தில்தான் ஓடுகின்றன. நிலம் கைமாறினால் புதியவர் சங்கிலி போட்டு மறித்துவிடலாம். இதற்கு மாற்று, நிலத்தைப் பாதுகாக்கும் நில அறக்கட்டளைக்கு எழுதித்தரும் பாதுகாப்பு வசதியுரிமைப் (conservation easement) பத்திரம். வசதியுரிமை என்றால் இன்னொருவர் நிலத்தின் மீதுள்ள வரையறுத்த உரிமை. நிலம் உரிமையாளரிடமே இருக்கும், விற்கலாம். ஆனால் பத்திரத்தில் எழுதிய கட்டுப்பாடு நிலத்தோடு போகும், அடுத்து வாங்குபவரையும் கட்டும்.

கோட்டை விடுவது வாசகத்தில்தான். ‘பாதுகாப்பு’ என்று மட்டும் எழுதினால் பொதுமக்கள் நடக்கும் உரிமை வந்துவிடாது. பாதையின் அகலம், சைக்கிளுக்கும் குதிரைக்கும் இடமுண்டா, ஓடைக்கரை அரித்தால் பாதையை எங்கே நகர்த்தலாம், விழுந்த மரத்தை அறுப்பது யார், எல்லாம் பத்திரத்தில் ஏற வேண்டும்.

நிலம் அடமானத்தில் இருந்தால், வங்கி தன் உரிமையை இந்தப் பத்திரத்துக்குப் பின்னால் வைக்க எழுத்தில் ஒப்ப வேண்டும். இல்லையேல் கடன் ஏலத்தில் வசதியுரிமையே அழிந்துபோகலாம். வசதியுரிமையை நன்கொடையாகத் தருபவருக்கு உள்ள கூட்டாட்சி வரிச்சலுகையும் அப்போது கிடையாது. 30 ஆண்டுக்கு மட்டும் எழுதினாலும் சலுகை இல்லை, நிரந்தரமாக எழுத வேண்டும். சலுகைக்குக் காட்டும் விலை மதிப்பீடு, நன்கொடைத் தேதிக்கு 60 நாளுக்கு மேல் முந்தியதாக இருக்கக் கூடாது. நிலத்தின் அன்றைய நிலையைக் காட்டும் வரைபடமும் படங்களும் முன்பே தயாராக வேண்டும். பின்னாளில் மீறல் வழக்கு வந்தால் அவைதான் சாட்சி.

இதை இந்தியாவில் அப்படியே நகலெடுக்க முடியாது. நமது 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, அந்த உரிமையை இன்னொரு நிலத்தின் அனுபோகத்தோடு கட்டுகிறது. சொந்த நிலமில்லாத அறக்கட்டளைக்கு அதில் இடமில்லை. அமெரிக்க மாநிலங்களும் தனிச் சட்டம் இயற்றித்தான் இதே தடையைத் தாண்டின.

— நில ஆவணப் பணியில் உள்ள வாசகர்