பங்கு உதவிச் சபை: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024

மதிப்புக்குரிய பங்குத்தந்தை அவர்களே, தலைவர் அவர்களே, சபை அங்கத்தவர்களே,

சென்ற பொதுக்கூட்டத் தீர்மானப்படி இவ்வாண்டு மாதக்கூட்டங்கள், இரண்டைத் தவிர, யாவும் லேவியர் 19ஆம் அதிகாரத்தை வாசித்தே தொடங்கின. முதன்மையான கட்டளை எது என்று மறைநூல் அறிஞர் ஒருவர் கேட்டபோது, கடவுளை முழு இதயத்தோடும் நேசி என்ற இணைச்சட்டம் 6:5ஐ இயேசு சொல்லி, உன்னைப்போல் அயலவனையும் நேசி என்ற லேவியர் 19:18ஐயும் கேளாமலே சேர்த்துச் சொன்னார் (மாற்கு 12:28-31). அந்த 18ஆம் வசனத்தைச் சுற்றி இருப்பவை கூலி, வழக்கு, அறுவடை, நிறைகோல். அயலன்புக்கு அவைதான் அங்கே கணக்கு.

கூலி பற்றிய 13ஆம் வசனம் முதலில் எம்மையே பிடித்தது. கூலியாளின் ஊதியம் விடியுமட்டும் உன்னிடம் இருக்கக்கூடாது என்கிறது அது. திருவிழாப் பந்தல் போட்டவர்களின் காசை, செயற்குழு அனுமதிக்கட்டும் என்று நாம் நாட்கணக்கில் வைத்திருப்பது வழக்கமாயிருந்தது. களவு எண்ணம் இல்லை, நடைமுறைதான் பிழை. இப்போது வேலைக்கு முன்பே தொகை பேசப்பட்டுச் சில்லறைக் காசுப் பெட்டியில் வைக்கப்படுகிறது. வேலை முடிந்த அன்று மாலையே கொடுத்து, கையொப்பம் பெறுகிறோம். செயற்குழு பிறகு பார்க்கட்டும்.

உலருணவுப் பொதியில்தான் அதிகம் திருத்தவேண்டி வந்தது. எல்லா வீட்டுக்கும் ஒரே அளவு என்பது நீதிபோலத் தெரியும். தனியே இருக்கும் ஆச்சிக்குப் பத்துக் கிலோ அரிசி கொடுத்தால் பாதியில் வண்டு விழும். ஆறுபேர் வீட்டில் அதே அரிசி ஒரு கிழமைக்குக் காணாது. ஆகவே ஆளுக்கு அரிசி இரண்டு கிலோ, பருப்பு அரைக் கிலோ என்று நிறுத்துக் கட்டுகிறோம். பேணியால் அள்ளுவது நிறுத்தப்பட்டது. நீரிழிவுக்காரர் இருக்கும் வீட்டுக்குச் சீனியைக் குறைத்துக் குத்தரிசியும் பயறும் போகும். மரக்கறி உண்ணும் சைவசமய வீடுகளுக்கான பொதியில் கருவாடு, நெத்தலி வைப்பதில்லை. சைவ வீட்டுக்குப் பங்குப் பணம் போகலாமா என்ற கேள்வி இருமுறை எழுந்தது. லூக்கா 10இல் கள்வரால் அடிபட்டு வழியில் கிடந்தவனைத் தூக்கி விடுதியில் சேர்த்த சமாரியர், அவனுடைய சமயத்தை விசாரிக்கவில்லை என்பதுடன் அந்த விவாதம் முடிந்தது.

வீடு சந்திப்புக்கு இருவராகவே செல்கிறோம்; பெண்கள் மட்டும் உள்ள வீட்டுக்கு இணையில் ஒருவராவது பெண்ணாக இருக்கவேண்டும். படலையில் நின்று கூப்பிட்டு, உள்ளே அழைத்தால் மட்டும் போவது. பிள்ளைகளுக்கு முன்னால் கடனைப் பற்றிக் கேட்பதில்லை. கொப்பியை அங்கே திறப்பதில்லை, குறிப்பு வீதிக்கு வந்தபிறகுதான். பொதி கொடுக்கும்போது படம் எடுப்பதில்லை; வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரியவேண்டாம் (மத்தேயு 6:3). வெளிநாட்டிலிருந்து காசு அனுப்புவோர் படம் கேட்கிறார்கள். அவர்களுக்குக் கடைப் பற்றுச்சீட்டின் பிரதி போகிறது. சிலருக்கு இதில் மனத்தாங்கல் உண்டு.

கார்த்திகை வெள்ளத்தில் ஒரு பாடம் கிடைத்தது. அடுப்பும் விறகும் நனைந்த வீட்டுக்கு அரிசி கொடுத்துப் பயனில்லை. முதல் நாட்களில் சமைத்த சாப்பாடே தேவை. அதிலும் தேங்காய்ப்பால் விட்ட கறியைக் காலையில் கட்டினால் மத்தியானத்துக்குள் பழுதாகிவிடும். வறட்டிய பருப்பும் பொரித்த கறியும் தாக்குப்பிடித்தன. உலருணவு, தண்ணீர் வடிந்தபின் போனது.

சமாரியர் விடுதிக்காரரிடம் கொடுத்தது இரண்டு தெனாரியம். மத்தேயு 20இன்படி ஒரு தெனாரியம் ஒரு நாட்கூலி. பெரிய தொகையல்ல. ஆனால் திரும்பி வரும்போது மிச்சத்தைத் தருவேன் என்றார். எமது பெரிய குறை இப்படித் திரும்பிப் போவதில்தான்: மார்கழியில் நான்கு அமைப்புகள் ஒரே வீட்டுக்குப் போகின்றன, மாசியில் ஒருவரும் இல்லை. கிராம அலுவலரிடம் மற்ற அமைப்புகளின் பட்டியலையும் பார்த்து, எமது பொதிகளில் ஒரு பகுதியை மாசியை ஒட்டிவரும் தவக்காலத்துக்கு ஒதுக்கினோம். கிளினிக் நாளில் நோயாளரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிச்செல்வோர், அடுத்த திகதியையும் எழுதிவந்து தரவேண்டும். இது இன்னும் ஒழுங்காகவில்லை.

எல்லை வேலியின் கதியாலைத் தள்ளி நட்டது பற்றிய பிணக்கொன்றில் தலையிட்டுத் தோற்றோம். ஏழைப் பக்கம் சாய்ந்துவிட்டோம். ஏழைக்காகவும் முகம் பாராதே, பெரியவனுக்காகவும் முகம் பாராதே என்று 15ஆம் வசனம் சொல்லியும். அடுத்த வழக்கை மத்தியஸ்த சபைக்குப் போகச்சொன்னோம்; இருதரப்புக்கும் துணைக்கு ஆள் அனுப்பியதுடன் எமது வேலை முடிந்தது.

நேரம் போதாதென்று இரண்டு கூட்டங்களில் வாசிப்பையும் செபத்தையும் கைவிட்டோம். அந்த மாதங்களில் சந்திப்புகள் பட்டியல் பார்த்துப் பொதி இறக்குவதாகவே சுருங்கின. ஆகவே வாசிப்புக்கும் செபத்துக்குமான முதல் இருபது நிமிடம் இனிமேல் மாற்றப்படாது.

வரவு செலவைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். கடற்கரைப் பக்க வீடுகளுக்குச் செல்ல ஓர் இணை குறைவாக உள்ளது. பின்னேரத்தில் ஓய்வுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் தரும்படி கேட்டுக்கொள்கின்றேன்.

செயலாளர்