காயம்பட்டவன் வீட்டில் யாழ்: டர்பன் பேராசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

குவாசூலு-நடால் பல்கலைக்கழகத்தில் மருத்துவமும் இசையும் இலக்கியமும் கற்பிக்கும் பேராசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில், சாவு வீடுகளில் தேவாரம் பாடும் ஒரு குழுவில் நானும் ஒருத்தி. பதினாறாம் நாள் சடங்குக்கும் போவோம். யாராவது கூப்பிட்டால் நோயாளியின் கட்டிலருகே போயும் பாடுவோம். அப்படிப் பாடிப் பாடித்தான் இந்த வேண்டுகோள் மனசில் ஊறியது. உம்பிலோ சாலையில் உங்கள் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இசையும் இலக்கியமும் மேட்டின் மேலே ஹோவர்ட் காலேஜ் வளாகத்தில் இருக்கின்றன. நடுவில் சில கிலோமீட்டர்தான். ஆனால் சாவைப் பற்றி நீங்கள் கற்பிப்பது தனித்தனியாக நடக்கிறது. சாகப்போகிறவரின் பக்கத்தில் எப்படி உட்காருவது என்று மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லித்தரும் வகுப்பை மூன்று துறைகளும் சேர்ந்து நடத்துங்கள்.

புறநானூற்றில் 281-ஆம் பாட்டு அரிசில் கிழார் பாடியது. போரில் காயம்பட்டுக் கிடக்கிறான் ஒருவன். அவனைக் காக்க அவன் மனைவி தோழியைத் துணைக்கு அழைக்கிறாள். வீட்டில் இரவம் என்ற மரத்தின் இலையும் வேப்பிலையும் செருகுகிறார்கள். யாழோடு பல வாத்தியங்களும் ஒலிக்கின்றன. மை பூசுகிறார்கள், வெண்சிறுகடுகு தூவுகிறார்கள், ஆம்பற்குழல் ஊதி, மணி அடித்து, காஞ்சி என்ற பண்ணைப் பாடி, வீடு முழுக்க நறும்புகை போடுகிறார்கள். பிறகுதான் "காக்கம் வம்மோ காதலம் தோழீ" என்கிறாள். அந்த வீட்டில் எது மருந்து, எது பாட்டு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. கட்டிலில் கிடந்தவனுக்கும் அது தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

இதெல்லாம் பழங்கதை என்று யாராவது சொல்லலாம். சரி, நம் காலத்துக்கே வருவோம். 1967 டிசம்பர் 3 அன்று கேப் டவுனில், க்ரூட் ஸ்கூர் மருத்துவமனையில், டாக்டர் கிறிஸ்டியான் பர்னார்ட் ஒரு மனிதரின் இதயத்தை இன்னொரு மனிதருக்குப் பொருத்தினார். உலகில் அதுதான் முதல் முறை. இதயத்தைப் பெற்ற லூயிஸ் வாஷ்கான்ஸ்கி 18 நாள் வாழ்ந்து, நிமோனியாவில் இறந்துபோனார். இதயம் நின்றால் சாவு என்று காலங்காலமாகச் சொல்லி வந்தோமே, ஒருவரின் இதயம் இன்னொருவர் நெஞ்சில் துடித்தால் என்ன சொல்வது? அடுத்த ஆண்டே, 1968-ல், மூளைச் சாவுக்கு வரையறை சொல்ல ஹார்வர்டில் ஒரு குழு உட்கார்ந்தது. அதில் டாக்டர்களோடு ஒரு சட்ட அறிஞரும் ஒரு வரலாற்றாசிரியரும் ஓர் இறையியலாளரும் இருந்தார்கள். தங்கள் படிப்பு மட்டும் இதற்குப் போதாது என்று அந்த டாக்டர்களுக்கே தெரிந்திருந்தது. "பேரினை நீக்கிப் பிணமென்று பேரிட்டு" என்று திருமூலர் பாடினாரே, அந்தப் பேரை எந்த நிமிடத்தில் நீக்குவது என்பதைத்தான் அவர்களும் பேசினார்கள்.

அதே 1967-ல் லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார், சாகப்போகிறவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லமாக, செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கினார். அவர் முதலில் நர்ஸ், பிறகு மருத்துவமனைச் சமூகப் பணியாளர், அப்புறம்தான் டாக்டர். சாகிறவரின் வலி உடம்போடு நிற்பதில்லை, மனசு, குடும்பம், நம்பிக்கை எல்லாம் அதில் சேர்ந்தே வலிக்கின்றன என்று அவர் விடாமல் சொன்னார். மூன்று வேலையும் பார்த்த ஒருவரால்தான் அப்படிப் பார்க்க முடிந்தது என்பது என் எண்ணம்.

இங்கே என் பெரியம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடைசி நாட்களில் அவரை ஒரு மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். பக்கவாதம் வந்த பிறகு ஆங்கிலம் அவரை விட்டுப் போய்விட்டது. சின்ன வயதில் ஆயா மடியில் கேட்ட தமிழ் மட்டும் மிச்சம். ராத்திரி முழுக்க ஒரே பாட்டை முனகிக்கொண்டிருந்தார். "நோயாளி குழப்பத்தில் இருக்கிறார்" என்று சார்ட்டில் எழுதிவிட்டார்கள். அவர் முனகியது அப்பர் திருவதிகையில் சூலை நோயோடு பாடிய பதிகம், "கூற்றாயினவாறு விலக்ககிலீர்." அதே முதல் பாட்டில், வயிற்றுக்குள்ளே குடலைப் பற்றி முடக்கிப்போடுகிறது என்று வலி இருக்கும் இடத்தையே அப்பர் சொல்லிவிடுகிறார். பெரியம்மாவுக்கும் வலி வயிற்றில்தான். எங்கே வலிக்கிறது என்று தனக்குத் தெரிந்த வழியில் அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு ஜூலு நர்ஸ் மட்டும், "அம்மா பாடுவதற்கு என்ன அர்த்தம்?" என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். உடனே டாக்டரைக் கூட்டிவந்து வயிற்றை அழுத்திப் பார்க்கச் சொன்னார். அதற்குப் பிறகுதான் வலி மருந்தைக் கூட்டினார்கள். மார்பின் என்ற வலி மருந்து செய்கிற வேலையைப் பாட்டு செய்யும் என்று நான் சொல்ல வரவில்லை. மார்பின் எங்கே தேவை என்பதை அன்றைக்குப் பாட்டுதான் சொன்னது. கேட்க ஒருவர் இருந்தார், அதனால் நடந்தது. அந்தக் கேள்வியை எல்லா மாணவர்களும் கேட்கப் பழக வேண்டாமா?

2020-ல் ஊரடங்கு வந்தபோது சாவு வீட்டில் 50 பேருக்கு மேல் கூடாது, அடக்கத்துக்கு முந்தைய இரவு முழுக்கக் கண்விழிக்கும் இரவு விழிப்பு கூடாது என்று அரசு சொன்னது. தொற்று பரவாமலிருக்க அது வேண்டியிருந்தது, அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ஃபோனில் தேவாரம் பாடிப் பலரை அனுப்பிவைத்தோம். அந்தக் குடும்பங்களின் துக்கம் இன்னும் ஆறவில்லை. சாட்ஸ்வொர்த்தில் சுவரை ஒட்டிக் கட்டிய வீடுகள். ஒரு பக்கம் டென்ட் போட்டுப் பெட்டியை வைத்திருப்பார்கள், மறு பக்கம் பிறந்தநாளுக்குப் பிரியாணி வேகும். ஒரு வீட்டில் சாப்பறை, ஒரு வீட்டில் மணமுழவு என்று பக்குடுக்கை நன்கணியார் பாடியது எங்களுக்குப் பாடம் இல்லை, அன்றாடம். அந்த அன்றாடமே அப்போது எங்களிடமிருந்து போய்விட்டது.

2022-ல் லான்செட் என்ற மருத்துவ இதழின் ஆணையம் சாவின் மதிப்பு பற்றி ஓர் அறிக்கை தந்தது. சாவு மருத்துவமனைக்குள் ஒதுங்கிப்போய்விட்டது, அதைக் குடும்பத்துக்கும் ஊருக்கும் திருப்பிக் கொடுங்கள் என்றது. ஊர் மக்களே நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் கேரளத்து ஏற்பாட்டை அதற்கு உதாரணமாகக் காட்டியது. உங்களுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதுகூட இல்லை. எய்ட்ஸ் இந்த மாகாணத்தை வாரிக்கொண்டு போன காலத்தில், உங்கள் பல்கலைக்கழகத்தின் சினோம்லாண்டோ மையம் பெற்றோரை இழக்கும் பிள்ளைகளுக்காக நினைவுப் பெட்டிகள் செய்ய வழிகாட்டியது. குடும்பத்தின் கதைகளையும் பொருள்களையும் பெட்டியில் வைத்துப் பிள்ளையிடம் கொடுப்பார்கள். சாவை வரலாறும் கதையும் சேர்ந்து தாங்கிய வேலை அது. அதைச் செய்தவர்களால் இதையும் செய்ய முடியும்.

இன்னொன்று, இது அவசரம். ஒப்பாரி தெரிந்த பாட்டிகள் எங்கள் பக்கம் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருக்கிறார்கள். இந்தியாவிலிருந்து இங்கே கரும்புத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவர்கள் கொண்டுவந்த மெட்டுகள் அவை. 1860-லிருந்து வந்து இறங்கியவர்களின் ஆவணங்களை வெஸ்ட்வில் வளாகத்தின் காந்தி-லுதுலி ஆவண மையம் பாதுகாக்கிறது. அவர்கள் தங்கள் சாவுகளுக்கு எப்படி அழுதார்கள் என்பதும் அங்கே இருக்க வேண்டும். இசை மாணவர்கள் ஒலிப்பதிவுக் கருவியோடு வரட்டும், வீடுகளுக்குக் கூட்டிப்போக நாங்கள் தயார். மருத்துவ மாணவர் ஒருவரையும் கூடவே அனுப்புங்கள். பாட்டிகள் நடுவில் தங்கள் முட்டிவலியையும் சர்க்கரையையும் பற்றிக் கட்டாயம் பேசுவார்கள்.

அந்த வகுப்பில் தமிழ் மட்டும் இருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. உங்கள் மாணவர்களில் நிறையப் பேர் ஜூலு பேசும் பிள்ளைகள். இரவு விழிப்பில் விடிய விடியப் பாடுவது எப்படி என்று அவர்கள்தான் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டும். ஒரு செமஸ்டரில் ஆறு வகுப்பு கிடைத்தால்கூடப் போதும். தேவாரம் பாட வேண்டிய நாட்களில் எங்கள் குழு சுருதிப் பெட்டியோடு உம்பிலோ சாலைக்கே வந்துவிடும், பணம் எதுவும் வேண்டாம். உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு தேவாரப் பாடகி