சைக்கிளில் விழுந்தவன் எந்தக் கணக்கில் வருவான்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சாலைக் குழிகளால் 2022-ஆம் ஆண்டில் நாடு முழுவதும் 4,446 விபத்துகள் நடந்தன, 1,856 பேர் இறந்தார்கள் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் சொல்கிறது. காவல்துறையில் பதிவானவற்றைக் கூட்டி எடுக்கும் கணக்கு இது. 2025-க்கான கணக்கு வரும்போது அதில் நான் இருக்க மாட்டேன். என் வலது மணிக்கட்டுக்குள் ஒரு தகடும் அதைப் பிடித்திருக்கும் திருகாணிகளும் இருக்கின்றன, எக்ஸ்ரே படம் பீரோவில் இருக்கிறது, ஆனால் கணக்கில் ஆள் இல்லை. ஏன் இல்லை என்று சொல்லத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகலாம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் தையல்காரன். கொங்குப் பக்கம் ஒரு நடுத்தர ஊரில் கடை வைத்திருக்கிறேன். ஊர்ப் பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. எழுதினால் அந்த ஒரு பள்ளத்தை மட்டும் மூடி, மூடிய இடத்தைப் படம் பிடித்து உங்களுக்கே அனுப்பி, விஷயத்தை முடித்துவிடுவார்கள். அடுத்த தெருப் பள்ளம் அப்படியே கிடக்கும்.

வீட்டுக்கும் கடைக்கும் எப்போதும் சைக்கிள்தான். பழைய பிஎஸ்ஏ எஸ்எல்ஆர், கேரியரில் துணிப்பை. போன தீபாவளிக்குப் பத்துப் பதினைந்து நாள் இருக்கும். எங்கள் தொழிலில் அது தூங்க நேரமில்லாத சமயம். லைனிங் வைத்த ஜாக்கெட்டுகளாக வந்து குவிந்திருந்தன. ராத்திரி கடையைச் சாத்திவிட்டு, தைத்து முடித்ததில் கொஞ்சத்தைக் காஜா எடுக்க வீட்டுக்குக் கொண்டுபோனேன். சாயங்காலம் நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்தது.

எங்கள் மெயின் ரோட்டின் இடது ஓரத்தில் குடிநீர்க் குழாய் பதிக்க நெடுக வெட்டியிருந்தார்கள். குழாயைப் போட்டார்கள், தோண்டிய மண்ணையே தள்ளி மூடினார்கள், போய்விட்டார்கள். தார் போடவில்லை. முதல் மழைக்கே மண் உள்வாங்கியது, அடுத்த மழைக்கு ஒரு சாண் இறங்கிவிட்டது. அதில் தண்ணீர் நின்றால் ரோடும் பள்ளமும் ஒரே மட்டமாகத்தான் தெரியும். எதிரே வந்த லாரியின் விளக்கு வேறு கண்ணில் அடித்தது. முன் சக்கரம் உள்ளே இறங்கியதுதான் தெரியும்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். குறுக்கே கிடக்கும் குழியில் சைக்கிள் குலுங்கும், பல சமயம் தாண்டியும் விடும். நெடுக்காக ஓடும் பள்ளம்தான் எமன். சைக்கிள் சாயாமல் நிற்பதே, நாம் அறியாமல் ஹேண்டில்பாரை இப்படியும் அப்படியும் இம்மி இம்மியாகத் திருப்பிக்கொண்டே இருப்பதால்தான். சக்கரம் பள்ளத்தின் தார் விளிம்பில் உரசிக்கொண்டு ஓடும்போது அந்தத் திருப்பல் நடக்காது. வெளியே ஏற்றப் பார்த்தால் விளிம்பு சக்கரத்தைத் திரும்ப உள்ளேயே தள்ளும், உடம்பு மட்டும் வெளியே போகும். அப்படித்தான் நான் போனேன். தானாக வலது கையை ஊன்றினேன். யாராக இருந்தாலும் ஊன்றத்தான் செய்வார்கள்.

"பார்த்துப் போகக் கூடாதா?" என்று கேட்காத ஆள் இல்லை. என் சம்பந்தி கேட்டார், வாடிக்கையாளர்கள் கேட்டார்கள், மாவுக்கட்டு போட்ட ஊழியரும் கேட்டார். ஒருவர் ஹெல்மெட் போட்டிருந்தீர்களா என்றார். உடைந்தது கை. சரி, பதிலையும் எழுதிவிடுகிறேன். சைக்கிள்காரன் இடது ஓரமாகத்தான் போக வேண்டும், அதுதான் முறை. குழாய், கேபிள், மழைநீர் வடிகால் என்று எதற்கு வெட்டினாலும் அந்த இடது ஓரத்தில்தான் வெட்டுகிறார்கள். கார்க்காரர் நடு ரோட்டில் போய்விடுவார். எங்களை அந்தப் பள்ளத்தின் மேல்தான் ஓட்டச் சொல்கிறார்கள். நானாவது பழகிய கை. அரசு தரும் விலையில்லா சைக்கிளில் பிளஸ் ஒன் பிள்ளைகள் முதுகில் புத்தகப் பையோடு அதே ஓரத்தில்தான் தினமும் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

என்னைத் தூக்கி உட்கார வைத்தவர் எதிரில் இருக்கும் இளநீர்க் கடைக்காரர். மணிக்கட்டுக்குச் சற்று மேலே கை மேடு தட்டி வளைந்திருந்ததைப் பார்த்ததும் தன் துண்டையே கழுத்தில் தூளியாகக் கட்டி, ஆட்டோ பிடித்து அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். மறுநாள் அந்தப் பள்ளத்தில் வேப்பங்கிளை ஒன்றை நட்டு, அதன் நுனியில் சிவப்புத் துணியும் கட்டியிருக்கிறார். அந்த வேலை நடந்த இடத்தில் அன்றுவரை இருந்த ஒரே எச்சரிக்கைப் பலகை அதுதான்.

மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில், ஏஆர் என்பார்களே, அதில் எழுத விவரம் கேட்டார்கள். என்ன வண்டி மோதியது? எந்த வண்டியும் மோதவில்லை, ரோட்டுப் பள்ளத்தில் சைக்கிள் இறங்கிவிட்டது என்றேன். 'சைக்கிளிலிருந்து தானாக விழுந்தவர்' என்று எழுதிக்கொண்டார்கள். பள்ளத்தைப் பற்றி ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். அதற்கு அதில் இடமில்லையாம். அவர்களைக் குறை சொல்லவில்லை, அந்த இரவில் வரிசையாக ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். பிறகு என் மகன் காவல் நிலையத்துக்குப் போனான். மரியாதையாகத்தான் பேசியிருக்கிறார்கள். "எதிர் வண்டி இல்லையே தம்பி, யார் மேல கேஸ் போடறது?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். வழக்கு இல்லை என்றால் அமைச்சகத்தின் கணக்கிலும் இல்லை.

கணக்கில் இல்லாவிட்டால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். எனக்குத் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் பிறகு விசாரித்தேன். மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டுமென்றால் விபத்தில் ஒரு மோட்டார் வாகனம் சம்பந்தப்பட்டிருக்க வேண்டும். சைக்கிள் மோட்டார் வாகனம் அல்ல, பள்ளமும் அல்ல. அடையாளம் தெரியாத வண்டி என்னை இடித்துவிட்டு நிற்காமல் போயிருந்தால், 2022-இல் நடைமுறைக்கு வந்த திட்டப்படி கொடுங்காயத்துக்கு 50 ஆயிரம் ரூபாய், இறந்திருந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் கிடைக்கும். என்னை விழவைத்தது எங்கே இருக்கிறது, யார் வெட்டினார்கள் என்பதெல்லாம் ஊருக்கே தெரியும், ஆனால் அதற்கு ஒரு பைசா கிடையாது. ஓடிப்போகிற குற்றவாளிக்கு விலை உண்டு, படுத்தே கிடக்கிற குற்றவாளிக்கு இல்லை!

2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி 198ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். சாலையைத் தரமாகப் போடாமல், பராமரிக்காமல் விட்டதால் மரணமோ ஊனமோ ஏற்பட்டால், பொறுப்பான அதிகாரியோ ஒப்பந்ததாரரோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் கட்ட வேண்டும் என்கிறது அது. அந்தப் பணமும் விழுந்தவன் கைக்கு வராது, ஒரு நிதிக்குப் போய்ச் சேரும். வழக்கே பதிவாகாத இடத்தில் 198ஏ எங்கிருந்து வரும்?

கையைப் பற்றிச் சொல்கிறேன். முதலில் மரக்கச் செய்து இழுத்து வைத்து மாவுக்கட்டு போட்டார்கள். மறுபடி படம் எடுத்தபோது எலும்பு நகர்ந்திருந்தது. அறுவை செய்து தகடு வைத்தார்கள். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்ததால் செலவு கையைக் கடிக்கவில்லை, அதற்கு நன்றி. உறவினர்களில் பாதிப் பேர் புத்தூர் கட்டுக்குப் போகச் சொன்னார்கள், மீதிப் பேர் பிரண்டைத் துவையலோடு வந்தார்கள். துவையலை மறுக்கவில்லை.

கட்டுப் பிரித்தால் வேலைக்குப் போய்விடலாம் என்று நினைத்திருந்தேன். பிரித்த பிறகுதான் தொல்லையே ஆரம்பித்தது. கை மெலிந்து, தோல் உரிந்து, வேறு யாருடைய கையோ போல் இருந்தது. எலும்பு கூடிவிட்டது, ஆனால் உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்ப முடியவில்லை. இது எவ்வளவு பெரிய விஷயம் என்று அனுபவித்தால்தான் தெரியும். கோயிலில் தீர்த்தம் வாங்க முடியாது. ரசம் சாதம் வாய்க்கு வருவதற்குள் வழிந்துவிடும். கத்தரியோ, கேட்கவே வேண்டாம். எங்கள் கட்டிங் கத்தரி இரும்பு, நல்ல கனம். கட்டை விரலும் மணிக்கட்டும் சேர்ந்து வேலை செய்தால்தான் வெட்டு பிசிறில்லாமல் ஓடும்.

இயன்முறை சிகிச்சைப் பிரிவில் ஒரு அம்மா இருந்தார். சிரித்த முகம், கொஞ்சமும் விட்டுக்கொடுக்காத ஆள். உருக்கிய மெழுகில் கையை முக்கி முக்கி எடுக்கச் சொல்வார், உறை மாதிரி படிந்துவிடும். சூடு உள்ளே இறங்கி மூட்டு இளகியதும் மெழுகை உரித்துவிட்டு மடக்கச் சொல்வார். அப்புறம் சுத்தியல். சுத்தியலின் கைப்பிடி நுனியைப் பிடித்து, முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு, தலையின் கனமே கையைப் பக்கவாட்டில் சாய்க்கும்படி மெல்ல விட வேண்டும். முதலில் கொஞ்சம்கூடச் சாயவில்லை, கண்ணில் தண்ணீர்தான் வந்தது. வீட்டில் டிவி பார்க்கும்போதெல்லாம் சுத்தியலும் கையுமாக உட்கார்ந்திருப்பேன். பேத்தி கிட்டவே வர மாட்டாள்.

இப்போது தீர்த்தம் வாங்குகிறேன். காட்டன் துணியை வெட்டுகிறேன். பேன்ட் துணி இரண்டு மடிப்பு என்றால் பக்கத்துக் கடைத் தம்பியிடம் கொடுத்துவிடுகிறேன், கூலியில் அவருக்குப் பங்கு. தீபாவளித் துணிகளை வெட்டாமலேயே திருப்பிக் கொடுத்தேன். அதில் சிலர் இன்னும் வேறு கடையில்தான் தைக்கிறார்கள். இந்த நஷ்டத்தை எந்தப் பாரத்தில் எழுதுவது? சைக்கிளுக்கு ஃபோர்க் மாற்றி, வீல் கோட்டம் எடுத்தாகிவிட்டது. அது என்னைவிடச் சீக்கிரம் தேறிவிட்டது.

நான் எழுத்தில் புகார் கொடுத்த பிறகு பள்ளத்தை மூடினார்கள். எப்படி என்று கேளுங்கள். தண்ணீர் நின்ற குழியில் ஜல்லியையும் தாரையும் கொட்டி, மண்வெட்டியால் இரண்டு தட்டு. பொங்கலுக்கு முன்பே பெயர்ந்து, ஜல்லி ரோடெல்லாம் சிதறிவிட்டது. அது வேறு வழுக்குகிறது. நெடுஞ்சாலை வேலையில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு வாடிக்கையாளர் கடையில் உட்கார்ந்து முறையை விளக்கினார். குழியைச் சுற்றி உடைந்த தாரை நேர்க்கோடாக, சதுரமாக வெட்டி எடுக்க வேண்டும், ஓரங்கள் செங்குத்தாக நிற்க வேண்டும். உள்ளே தளர்ந்ததையெல்லாம் கூட்டிக் காயவைக்க வேண்டும். பிறகு ஒட்டுவதற்குத் தார் தெளித்து, கலவையை அடுக்கடுக்காகப் போட்டு இறுக்க வேண்டும். குழாய் வெட்டின பள்ளமென்றால் மண்ணையும் அப்படியே அடுக்கடுக்காக இடித்து நிரப்ப வேண்டும், மொத்தமாகத் தள்ளக் கூடாது. கேட்டுக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்தது. கிழிந்த துணிக்கு ஒட்டுப் போடும் முறையும் அதேதான். நைந்த இடத்தைச் சதுரமாக வெட்டி நீக்காமல் மேலே துண்டை வைத்துத் தைத்தால் ஒரு துவைப்புக்குத் தாங்காது. அப்படித் தைத்துக் கொடுத்தால் வாடிக்கையாளர் முகத்தில் எறிந்துவிட்டுப் போவார். எனக்கு அந்தப் பயம் இருக்கிறது.

நான் கையைத் தூளியில் தொங்கவிட்டுக்கொண்டிருந்த நாட்களில்தான், 2025 அக்டோபரில், பம்பாய் உயர் நீதிமன்றத்தின் உத்தரவு செய்தியாக வந்தது. குழியிலோ திறந்த சாக்கடைத் துளையிலோ விழுந்து இறந்தால் குடும்பத்துக்கு 6 லட்சம், காயத்துக்கு ஏற்ப 50 ஆயிரம் முதல் இரண்டரை லட்சம் வரை. அந்தப் பணத்தைப் பொறுப்பான அதிகாரிகளிடமும் ஒப்பந்ததாரர்களிடமும் வசூலிக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். இதே போல ஓர் ஏற்பாடு தமிழ்நாட்டுக்கும் வேண்டும். சைக்கிள்காரரையும் நடந்து போகிறவரையும் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும், எதிர் வண்டியின் நம்பரைக் கேட்கக் கூடாது. கூடவே, ரோட்டை வெட்டுகிற இடத்தில் யார் வெட்டுகிறார்கள், என்றைக்குள் தார் போட்டு முடிக்க வேண்டும், எந்த எண்ணுக்குப் பேச வேண்டும் என்று ஒரு தகரப் பலகையாவது வைக்கச் சொல்லுங்கள். வேப்பங்கிளைக்கு அதெல்லாம் தெரியாது.

திங்கள்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் இதையெல்லாம் மனுவாகக் கொடுத்து ரசீது வாங்கியிருக்கிறேன். உங்களிடம் கேட்பது வேறு. மாவட்டத்துக்கு மாவட்டம் உங்களுக்கு நிருபர்கள் இருக்கிறார்கள். அடுத்த மழைக்காலத்தில் அவர்களைக் காவல் நிலையத்துக்குப் பதில் அரசு மருத்துவமனைகளின் எலும்பு முறிவுப் பிரிவுக்கு அனுப்புங்கள். கட்டுப் போட்டுக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களிடம் எந்த ரோட்டில், எந்தப் பள்ளத்தில் விழுந்தீர்கள் என்று கேட்டு, ஊர்வாரியாக ஒரு பட்டியல் போடுங்கள். அதில் எங்கள் ஊர்ப் பெயரையும் தாராளமாகப் போடலாம்.

இப்படிக்கு,
தையல் கடைக்காரர் ஒருவர்
(பெயரும் முகவரியும் தனித்தாளில் இணைத்திருக்கிறேன், பிரசுரிக்க வேண்டாம்.)