வெயில் படட்டும், பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். ஆச்சிக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, இப்போது கண்ணாடி போட்டுக்கொண்டு பேப்பர் படிக்கிறாள். ஊர் விசேஷமெல்லாம் அப்புறம் எழுதுகிறேன்.

உன் ஆபீஸில் எடுத்த ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைத் தம்பி எனக்கு அனுப்பினான். வைட்டமின் டி 9 என்று இருக்கிறது. குறைந்தது 20 இருக்க வேண்டும். கேட்டால், "எல்லாருக்கும் இப்படித்தாம்மா இருக்கு" என்று ஒரு வரி போட்டுவிட்டுப் போய்விட்டாய். வெயில் கொளுத்துகிற நம் ஊரிலேயே நிறையப் பேருக்கு இந்தக் குறை இருப்பது உண்மைதான். அதற்காக விட்டுவிடுவதா? மாடி ஏறினால் தொடை வலிக்கிறது என்று சித்திரையிலேயே சொன்னாய். முழங்காலுக்குக் கீழே, முன்பக்க எலும்பைக் கட்டைவிரலால் நன்றாக அழுத்திப் பார். வலித்தால் எனக்கு உடனே சொல். எலும்பு சத்து இல்லாமல் மென்மையாகிப் போனால் அந்த இடம் வலிக்கும். ஊர் ஊராகப் போய் எத்தனையோ பெண்களுக்கு அழுத்திப் பார்த்த கை இது. என் மகளுக்குப் பார்க்க முடியாமல் கடிதத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நீ வெயிலையே பார்ப்பதில்லை. ஸ்கூட்டியில் ஏறினால் கண் மட்டும் தெரிகிற மாதிரி துப்பட்டாவைச் சுற்றிக்கொள்கிறாய், முழங்கை வரை உறை, காலுக்குச் சாக்ஸ். கேட்டால் ஆபீஸில் ஜன்னல் பக்கம்தானே உட்காருகிறேன் என்கிறாய். தோலில் வைட்டமின் டி உண்டாக்குகிற யுவி-பி கதிரைக் கண்ணாடி மறித்துவிடும். தோலைக் கறுக்க வைத்துச் சுருக்கம் கொண்டுவருகிற யுவி-ஏ கதிர் கண்ணாடி வழியாகவும் வரும். ஆக, நாள் முழுக்க அங்கே உட்கார்ந்து நீ வாங்கிக்கொள்வது கெடுதலை மட்டும்தான். அந்த இடத்தில் திரையை இழுத்துவிட்டு, வெளியே நடந்து வா.

எப்போது என்று கேட்பாய். ஆச்சி சொல்கிற ஆறு மணி இளவெயில் உடம்புக்கு இதமாக இருக்கும், ஆனால் வைட்டமின் டி-க்கு அவ்வளவாக உதவாது. சூரியன் சாய்ந்திருக்கும்போது அந்தக் கதிர் தரைக்கு வந்து சேர்வது குறைவு. உன் நிழலைப் பார். உன்னைவிட நிழல் நீளமாக விழுந்தால் பலன் கொஞ்சம்தான், குட்டையாகிவிட்டால் வெயில் வேலை செய்யும். நம் பக்கத்தில் பத்து மணி வாக்கில் அப்படி ஆகிவிடும். உச்சி வெயில் வேண்டாம், அது தோலைச் சுட்டுவிடும். பத்து பத்தரைக்கு, கையும் முழங்காலுக்குக் கீழேயும் திறந்திருக்கட்டும், அரை மணி நேரம். முகத்துக்கு வேண்டுமானால் தொப்பி போட்டுக்கொள், இரண்டு விரல் நீளத்துக்கு சன்ஸ்கிரீன் எடுத்துத் தடவிக்கொள். முகத்தை மூடினாலும் கைகால் போதும். நம் தோலில் மெலனின் என்கிற நிறமி அதிகம். அதனால் வெளுத்த தோல்காரர்களைவிடக் கூடுதல் நேரம் வேண்டும். அதே மெலனின்தான் வெயிலால் வருகிற தோல் புற்றுநோய் நம்மிடம் குறைவாக இருப்பதற்கும் காரணம். அதைக் குறை என்று யார் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதே.

பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில், மே மாத வெயிலில், செருப்பில்லாமல் 800 மீட்டர் ஓடி முதலில் வந்தவள் நீ. முகமெல்லாம் வேர்வையும் மண்ணுமாக நின்று கப்பைத் தூக்கிக் காட்டினாய். அப்பா அந்தப் படத்தைத்தான் இன்னும் பர்ஸில் வைத்திருக்கிறார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தம்பி உன் ரூமிலிருந்து எடுத்துவந்த பையில் ஒரு முகக் கிரீம் ட்யூப் இருந்தது. பொடியெழுத்தைப் படித்தேன். ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன். மூன்றாவது ஸ்டீராய்டு பாப்பா. மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று அதிலேயே போட்டிருக்கிறது, 2018-இலேயே அரசு விதி போட்டாகிவிட்டது. இருந்தும் மருந்துக்கடையில் சோப்பு மாதிரி எடுத்துக் கொடுக்கிறார்கள். முதல் சில வாரம் முகம் பளிச்சென்று ஆகும். அப்புறம் தோல் மெலிந்து, ரத்தக்குழாய் சிவப்பாகத் தெரியும், பரு கிளம்பும், வெயில் பட்டாலே எரியும். நிறுத்தினால் இன்னும் சிவந்து எரிவதால் மறுபடி அதையே தடவுவார்கள். அதனால் நீயாக ஒரேயடியாக நிறுத்தாதே. தோல் டாக்டரிடம் ட்யூபைக் காட்டு. எப்படிக் குறைப்பது என்று அவர் சொல்வார்.

வைட்டமினுக்கும் டாக்டர் சொன்னபடிதான். 60,000 யூனிட் பொடி கொடுத்தால் அது வாரத்துக்கு ஒன்று, சாப்பாட்டோடு. சீக்கிரம் ஏறட்டும் என்று தினமும் குடித்துவிடாதே. கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், கடைசியில் சிறுநீரகம் வரைக்கும் போகும். வெயிலில் அந்தப் பயமில்லை. அளவுக்கு மேல் உண்டாவதை வெயிலே சிதைத்துவிடும். மத்தி மீன் கிடைத்தால் வாங்கு. முட்டையில் மஞ்சளை ஒதுக்காதே.

வைகாசியில் அவர்கள் பெண் பார்க்க வந்து போனதிலிருந்து நீ ஊருக்கு வரவில்லை. போன் பண்ணினால் வீடியோவை அணைத்துவிட்டுப் பேசுகிறாய். ஆவணியில் கோயில் கொடைக்கும் லீவில்லை என்றாய். சின்ன அத்தை அன்று அடுக்களையில் சொன்னதற்காக அப்பா இன்னும் அவளோடு பேசுவதில்லை, தெரியுமா? அந்தப் பேச்சு இனி இந்த வீட்டில் கிடையாது. ஜாதகக் கட்டை நான் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். நீ சொல்லும்வரை எடுக்க மாட்டேன்.

வெள்ளிக்கிழமை நெல்லை எக்ஸ்பிரஸில் வருகிறேன். தாம்பரத்தில் இறங்கி நானே ஆட்டோ பிடித்துக்கொள்வேன், நீ அலைய வேண்டாம். சனிக்கிழமை தோல் டாக்டரிடம் நேரம் வாங்கி வை. ரிப்போர்ட்டின் நகல் ஒன்று எடுத்து வை, போனில் இருப்பது எனக்குச் சரியாகத் தெரியவில்லை. மத்திக் கருவாடு கொண்டு வரவா, உன் ரூமில் இருப்பவர்கள் ஏதாவது சொல்வார்களா?

அன்புடன்,
அம்மா